சப்பரத்துக்காக அடைத்த குழாய்

1963ஆம் வருடம் நவம்பர் மாதம் 28ஆம் தேதி வியாழக்கிழமை காலை, சேலம் நகரக் காவல் நிலையத்தில், சப் இன்ஸ்பெக்டர் விசாரிக்க ஏட்டு எழுதிக்கொண்ட வாக்குமூலம்.

என் பெயர் ஞானமேரி. வயது நாற்பத்தொன்று. கணவர் பெயர் பாக்கியநாதன். செவ்வாய்ப்பேட்டையில் மாதா கோயிலுக்குப் போகும் சந்தில் குடியிருக்கிறேன். மிளகாய் மண்டியில் மிளகாய் ஆயும் வேலை செய்கிறேன். எழுதப் படிக்கத் தெரியும்.

நிலையத்துக்குள் வந்ததும், சவரியார் வீட்டுக்கு இப்பொழுதே ஒரு போலீஸ்காரரை அனுப்புங்கள் என்று கேட்டேன். முதலில் பெயர், வயது, விலாசம், பிறகு நடந்ததை வரிசையாகச் சொல்ல வேண்டும், நடுவிலிருந்து ஆரம்பிக்கக் கூடாது என்றார்கள். ஆகவே வரிசையாகச் சொல்கிறேன். சீக்கிரம் எழுதிக்கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறேன்.

என் கணவர் நகராட்சி லைசென்ஸ் பெற்ற பிளம்பர். நேற்று இரவு முதல் இந்த நிலையத்தில்தான் வைக்கப்பட்டிருக்கிறார். எங்கள் வீட்டுக்குப் பின்னால் இருப்பது சவரியார் வீடு. அவர் மளிகை மண்டி வைத்திருக்கிறார். கோயில் காரியங்களில் முன்னால் நிற்பவர். சென்ற வருடம் அவர் தம் வீட்டில் கக்கூஸும் கழிவு நீருக்கு செப்டிக் டேங்க்கும் கட்ட விரும்பினார். எங்கள் சந்தில் அதுவே முதல் தொட்டி. என் கணவர் பிளான் போட்டு நகராட்சியில் கொடுத்து, குழி தோண்டிக் கட்டி, மூடுவதற்கு முன் ஓவர்சியரை அழைத்து வந்து காட்டினார். ஓவர்சியர் கிணற்றுக்கும் குழிக்கும் நடுவில் டேப் பிடித்துப் பார்த்துவிட்டு, தொட்டியிலிருந்து கூரைக்கு மேல் போகும் காற்றுக் குழாயின் வாய் எந்நாளும் திறந்தே இருக்க வேண்டும், அது அடைபட்டால் விஷக் காற்று உள்ளேயே தங்கும், அனுமதி கொடுப்பதே அதை நம்பித்தான் என்று சவரியாரிடம் சொன்னார். நான் அப்பொழுது அவருக்கு மோர் கொடுக்கப் போயிருந்தேன். என் காதால் கேட்டேன்.

அதன் பிறகு அனுமதிச் சீட்டு வந்தது. சவரியார் அதைக் கண்ணாடி போட்டு இருதய ஆண்டவர் படத்துக்குப் பக்கத்தில் மாட்டினார். வருகிறவர்களிடமெல்லாம், "சர்க்காரே எழுதிக் கொடுத்தாச்சு, இனி எவன் என்ன கேக்க முடியும்?" என்பார். சீட்டு சுவரில் இருந்தால் எல்லாம் சரியாக இருக்கும் என்பது அவர் நினைப்பு. கல்யாணப் பத்திரிகை கையில் இருந்தால் குடும்பம் தானாக நடந்துவிடுமா?

இந்த வருடம் மாதா பிறந்த நாள் திருவிழாவுக்கு எங்கள் சந்து வழியாகச் சப்பரம் வந்தது. அதற்கு முந்தின நாள் கோயில் உபதேசியார் வந்து சந்தில் நின்று மூக்கைப் பிடித்தார். நாற்றம் இருந்தது உண்மை. மிளகாய் மண்டியில் காய்ந்துபோன என் மூக்குக்கே தெரிந்தது. அவர், "ஏனுங்க சவரியாரே, மாதா வர்ற வழியில இந்த வாடை ஆகுமுங்களா?" என்று கேட்டார். சவரியாருக்கு மானம் போயிற்று. அன்று மாலையே கொத்தனார் வீரபாகுவை ஏணியில் ஏற்றி, காற்றுக் குழாயின் வாயில் கொட்டாங்கச்சியைக் கவிழ்த்து, சாக்கைச் சுற்றி, சிமெண்டு பூசச் செய்தார். எங்கள் மொட்டை மாடியிலிருந்து நானும் என் கணவரும் பார்த்தோம்.

திருவிழா முடிந்ததும் என் கணவர் போய் அதை எடுக்கச் சொன்னார். சவரியார், "மாதாவுக்குன்னு செஞ்சதுப்பா. நான் கை வெக்க மாட்டேன். வாடையும் இல்ல, சந்தே வாழ்த்துது" என்று சொல்லிவிட்டார். என் கணவர் மறுபடியும் போய்ச் சொன்னார். அதன் பிறகு சவரியார் எங்களோடு பேசுவதை நிறுத்திவிட்டார். என் கணவர் என்னிடம், "அந்தத் தொட்டிய எவன் தொறந்தாலும் எனக்குச் சொல்லி அனுப்பு. மறந்துறாத" என்றார். அன்று முதல் அந்தக் குழாயைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குப் பயமாக இருந்தது.

நேற்று புதன்கிழமை சவரியார் மகளைப் பெண் பார்க்கக் குமாரபாளையத்திலிருந்து வருவதாக இருந்தது. வரும் ஞாயிறு ஆகமன காலம் தொடங்குகிறது. தொடங்கிவிட்டால் எங்கள் சபையில் கிறிஸ்துமஸ் கழியும் வரை நிச்சயம், கல்யாணம் வைக்க மாட்டார்கள். ஆகவே நேற்றே பேசி முடிக்க வேண்டும் என்று அவர்களுக்கு அவசரம். காலையில் கக்கூஸ் அடைத்துக்கொண்டு தண்ணீர் முற்றத்துக்கு வந்துவிட்டது. என் கணவர் புதுச்சத்திரத்தில் ரைஸ் மில் ஒன்றில் குழாய் வேலைக்குப் போயிருந்தார். சவரியார் கூலி வேலை செய்யும் அங்கமுத்துவைக் கூட்டி வந்தார். நான் மாடியில் மிளகாய் காயப்போட்டுக்கொண்டிருந்தேன். அங்கமுத்து தொட்டியின் மூடியைத் தள்ளிவிட்டு, துண்டை அவிழ்த்து மடித்து அதன் மேல் வைத்தார். அதன் பிறகு, "ஏனுங்க, காத்துக் கொழாய் இருக்குதுங்களா? கொஞ்சம் ஆறட்டுமுங்களே" என்று கேட்டார். சவரியார் கையை நீட்டி, "அதா நிக்குது பாரு. ஊட்டுக்கு ஆளுங்க வந்துட்டிருக்காங்க, சீக்கிரம் எறங்கு" என்றார். குழாய் நிற்கத்தான் நின்றது. கீழேயிருந்து பார்த்தால் அதன் வாய் தெரியாது.

நான் முறத்தைப் போட்டுவிட்டு, "எறங்காத சாமி! அது அடைச்ச கொழாய்!" என்று கத்தினேன். சவரியார் நிமிர்ந்து, "ஞானமேரி, உன் சோலியப் பாரு" என்றார். அங்கமுத்துவின் தலை அதற்குள் தொட்டியின் வாய்க்குக் கீழே போய்விட்டது. சத்தம் ஒன்றும் வரவில்லை. நான் மாடியிலிருந்து இறங்கி ஓடினேன். சந்துக்காரர்கள் முகத்தில் ஈரத் துணி கட்டிக்கொண்டு கயிறு போட்டு இழுத்தபோது அவர் உயிரோடு இல்லை. குமாரபாளையத்துக்காரர்கள் தட்டோடு வந்து, முற்றத்தில் கிடந்தவரைப் பார்த்து, செருப்பைக் கழற்றாமலே திரும்பினார்கள். அங்கமுத்துவின் மனைவி அங்காளம்மாள் சோற்றுத் தூக்கோடு வந்து, துண்டை எடுத்து உதறி, மடித்து, மறுபடியும் உதறிக்கொண்டிருந்தாள். அதைப் பார்க்க என்னால் முடியவில்லை.

அதன் பிறகு போலீசார் வந்தார்கள். சவரியார் சுவரிலிருந்து சீட்டைக் கழற்றிக் கொடுத்தார். அதில் தொட்டி கட்டிய பிளம்பர் என்று என் கணவர் பெயர் இருந்தது. காற்றுக் குழாயை ஒழுங்காகப் போடவில்லை, அதனால்தான் ஆள் செத்தான் என்று சவரியார் சொல்ல, போலீசார் கீழே நின்று தொட்டியை மட்டும் பார்த்துவிட்டுப் போனார்கள். என் கணவர் வேலையிலிருந்து திரும்பி, சட்டை மாற்றிக்கொண்டு, தாமாகவே இங்கே வந்தார். பாவம் ஓரிடம், பழி ஓரிடம் என்பதை நேற்று கண்ணால் பார்த்தேன். என் கணவர் போட்ட குழாய் சரியான குழாய். அதன் வாயில் இருக்கும் சிமெண்டும் சாக்குமே அதற்குச் சாட்சி. சந்தில் மற்றவர்கள் பார்த்திருந்தாலும் சவரியாருக்கு எதிராக வாய் திறக்க மாட்டார்கள்.

இன்று காலை நான் இங்கே புறப்படும்போது வீரபாகு தோளில் ஏணியும் கையில் உளியும் சாக்கும் எடுத்துக்கொண்டு சவரியார் வீட்டுப் பின்பக்கம் போனான். என்னைப் பார்த்து, "அக்கா, நீங்க உள்ள போங்க" என்றான். ஏணியைச் சுவரில் சாத்தும் சத்தம் கேட்டது. வந்தவுடன் நான் சொல்ல நினைத்தது இதுதான்.

மேற்கண்டவை யாருடைய தூண்டுதலும் இல்லாமல் நானாகச் சொன்னவை. வாசித்துக் காட்டக் கேட்டேன். வாசிக்க நேரமாகிறது, அப்படியே கையெழுத்துப் போடுகிறேன், முதலில் ஆள் அனுப்புங்கள் என்று சொன்னதற்கு, முழுவதும் வாசித்த பிறகே கையெழுத்து வாங்க வேண்டும் என்றார்கள். முழுவதும் வாசித்தார்கள். எல்லாம் உண்மை.

(ஒப்பம்) பா. ஞானமேரி