படகில் கேட்ட இலக்கணப் பாடம்

"இனிமே நான் மாடிவீட்டுப் பையனுக்குப் பாடம் சொல்லித்தரச்சே நீ உள்ளேர்ந்து வாயைத் திறக்கப்படாது."

ஹவுராவுக்குப் போகும் படகில், எனக்கு முன்னால் உட்கார்ந்திருந்த குமாஸ்தா தம் மனைவியிடம் இப்படிச் சொன்னார். குளிருக்காக நான் முக்காடிட்டிருந்ததால் என்னை வங்காளி என்று நினைத்திருப்பார்கள். ஒட்டுக்கேட்பது தவறுதான். குழந்தை மடியில் தூங்கியதால் நகர முடியவில்லை.

"'டாக் ரன்ஸ் ஃபாஸ்ட்'ல ஃபாஸ்டை அட்ஜெக்டிவ்னு சொன்னேளே. அட்வெர்ப்னு சொல்லாட்டா அவன் பள்ளிக்கூடத்துல அடி வாங்குவானேன்னுதான்..."

"அவன் எப்படிச் சிரிச்சான் பார்த்தியோ? தெரு பூரா சொல்லியிருப்பான்."

"நான் சொன்னது தப்பா?"

"தப்பா இருந்தாத் தேவலையே!"

பிறகு அவர் குரலைத் தணித்துக்கொண்டார்.

"அடுத்த வாரம் ஆபீஸ்ல எனக்கே பரீட்சை. ஒரு வாக்கியம் குடுத்து, ஒவ்வொரு சொல்லும் என்ன வகைன்னு எழுதச் சொல்லுவா. தேறலைன்னா வேலை போயிடும்."

"நான் சொல்லித்தரட்டுமா?"

அவர் படகைச் சுற்றிப் பார்த்தார்.

"இங்கே யாருக்குத் தமிழ் புரியப்போறது? சரின்னு சொல்லுங்கோ."

"சரி, சொல்லிக்குடு. வெளியில மட்டும் தெரியப்படாது."

அப்போது என் குழந்தை விழித்துக்கொண்டு, "அம்மா, தண்ணி வேணும்!" என்று உரக்கக் கேட்டாள்.

அவர் திரும்பி என்னைப் பார்த்தார். அவர் முகத்தைப் பார்க்க முடியாமல் நான் குனிந்துகொண்டேன்.

"நீ ஒண்ணும் சொல்லித்தர வேண்டாம். நானே பார்த்துக்கறேன்" என்று அவர் மனைவியிடம் சொல்வது கேட்டது.