நான்காம் நாளே மாற்றிய பியர்

வீட்டில் பியர் வடிக்கிறவர்கள் எல்லோரும் ஒரே பிழையைத்தான் விடுகிறார்கள்: நாட்களை எண்ணுகிறார்கள். முதல் வாளியிலிருந்து இரண்டாம் குடுவைக்கு எப்போது மாற்றுவது என்று கலண்டர் சொல்லாது. கண்ணாடி மிதவையைப் பியருக்குள் விட்டு, அது எந்தக் கோட்டில் நிற்கிறது என்று பார்க்க வேண்டும். மூன்று நாள் அதே கோட்டில் நின்றால் ஈஸ்ட் தன் வேலையை முடித்துவிட்டது, மாற்றலாம். இறங்கிக்கொண்டிருந்தால் பொத்திக்கொண்டு இருக்க வேண்டும். இவ்வளவுதான். இதைக்கூடத் தானாக முடிவெடுக்கத் தெரியாத டெனிஸ்டன், ஸ்டுட்கார்ட் தமிழ்ச் சனத்திடம் பியர் மாஸ்டர் என்று பேரெடுத்தான். இப்போது ஆஸ்பத்திரியில் இரண்டு கண்ணிலும் கட்டோடு கிடக்கிறான். பார்வை திரும்புமா என்று டொக்டர்மாராலும் சொல்ல முடியவில்லையாம்.

என்னை ஒருவரும் பிடித்துக்கொண்டு வரவில்லை. நானாக வந்தேன். குற்றத்தை ஒப்புக்கொள்வதற்கும் முன்கூட்டி நேரம் குறித்து டெர்மின் எடுக்க வேண்டிய நாடு இது, எடுத்துக்கொண்டுதான் வந்தேன். சுபானிப் பிள்ளை, நான் ஆறுதலாகச் சொல்கிறேன், ஒரு சொல்லும் விடாமல் பொலிஸ் அம்மாவுக்கு மொழிபெயருங்கள்.

என் பெயர் யாகோப்பு. பத்தொன்பது வருடம் ஒரு பியர் ஆலையில் போத்தல் கழுவும் பகுதியில் வேலை செய்தேன். எங்கள் வேதக்கோயில் பெருநாள் விருந்தில் பதினொரு வருடம் என் பியரைத்தான் ஊற்றினார்கள். ஒருவரும் குறை சொன்னதில்லை. பாராட்டியதும் இல்லை, அது வேறு கதை.

டெனிஸ்டன் குளியலறைக்கு ஓடு பதிக்கிறவன். மன்னார்க்காரன். வயது நாற்பத்தாறு, ஆனாலும் எதற்கும் என்னைத்தான் கேட்பான். நான் சொல்வதையெல்லாம் ஓடு வந்த பெட்டி மட்டையில் பென்சிலால் எழுதிவைப்பான். போன வருடம் தன் பியருக்குள் பனங்கட்டியைப் போட்டான். "கள்ளு மாதிரி ஒரு வாசம் வருது, அண்ணை" என்றான். இருமல் மருந்து வாசம் அது. சனம் நான் முந்தி நீ முந்தி என்று அடிபட்டுக் குடித்தது. என் பீப்பாய் பாதியோடு வீட்டுக்குத் திரும்பியது. கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை என்று நினைத்துக்கொண்டேன். வயிறு எரிந்தது, ஏன் மறைக்க வேண்டும்?

இந்த வருடம் அவனே வந்து, "அண்ணை, இந்தமுறை நீங்கள் ஓய்வா இருங்கோ, நான் செய்யிறன்" என்றான். அதே மூச்சில், "எப்ப மாத்திறதெண்டு மட்டும் நீங்கள் சொல்லவேணும், எனக்கு அது பிடிபடேல்லை" என்றான். ஓமென்று சொன்னேன். இரண்டாம் குடுவையும் நானே கொடுத்தேன், கண்ணாடியில். பிளாஸ்டிக் வாளி என்றால் வீங்கி ஆளை எச்சரித்துவிடும்.

நான்காம் நாள் எனக்கு ஃபோன் எடுத்தான்.

"மிதவை இன்னும் இறங்குது, அண்ணை. மாத்தலாமோ?"

"மாத்து."

"பனங்கட்டி?"

"இப்பவே போடு. ரெண்டு கிலோ போடு."

வேலையில் இருக்கிற ஈஸ்டுக்கு இனிப்பைக் கொடுத்தால் அது காற்றைக் கக்கி என்ன ஆட்டம் ஆடும் என்று சின்னப்பிள்ளைக்கும் தெரியும். அவன் நன்றி சொல்லி ஃபோனை வைத்தான்.

ஆறாம் நாள், பியர் வைத்த கெல்லர் நிலவறையிலிருந்து மணக்கிறது என்று மேல்வீட்டுக் கிழவி கட்டடத்தைப் பார்க்கிற ஹவுஸ்மைஸ்டரிடம் முறையிட்டுவிட்டாள். காற்றுப் போகிற குழாயைக் கழற்றிவிட்டுத் திருகுமூடியை இறுக்கிப் பூட்டச் சொன்னேன். குறடு போட்டு இறுக்கினானாம். பெருமையாகச் சொன்னான்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து திரும்பவும் ஃபோன் எடுத்தான். கெல்லரில் தனியாக நின்றான்.

"அண்ணை, மூடிப் பக்கம் சீறுது. எனக்கெண்டால் பயமாக் கிடக்கு. வெளியில போகட்டோ?"

எங்கள் ஆலையில் முகமூடி போடாமல் காற்றடைத்த கண்ணாடிக்குக் கிட்ட ஒருவரையும் விடமாட்டார்கள். பத்தொன்பது வருடத்தில் இரண்டு பேர் முகங்களைப் பார்த்திருக்கிறேன்.

"விசர்க்கதை கதையாதை" என்றேன். "கிட்டக் குனிஞ்சு பார், நுரை கழுத்துமட்டும் வந்திட்டுதோ எண்டு."

"ஓம், அண்ணை" என்றான்.

அதற்குப் பிறகு குடுவை வெடித்த சத்தத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. அவன் மனைவி டெல்சி படியால் ஓடிவருவதும் கேட்டது. ஃபோனை வைத்துவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தேன். என் மனைவி இமெல்டா இறால் குழம்பு வைத்திருந்தாள், உப்புக் கொஞ்சம் கூட.

நான் அவனைத் தொடவில்லை. அந்த வீட்டுப் பக்கமே போகவில்லை. கேட்டான், சொன்னேன். இத்தோடு விட்டிருப்பேன். ஆனால் நேற்று டெல்சி எங்கள் வீட்டுக்கு வந்து இமெல்டாவைக் கட்டிப்பிடித்து அழுதாள். "யாகோப்பு அண்ணை எல்லாம் சரியாத்தான் சொன்னவர், நான்தான் பிழையா விளங்கிப்போட்டன், அண்ணையை ஒருத்தரும் கோபிக்க வேண்டாம்" என்று டெனிஸ்டன் பொலிசுக்கு வாக்குமூலம் கொடுத்திருக்கிறானாம். சனமும் அதையே கதைக்கிறது. யாகோப்பு சொல்லிக்கொடுத்த விதம் சரியில்லையாம், விளங்கும்படி சொல்லத் தெரியாதாம்.

அதைத்தான் என்னால் பொறுக்க ஏலாமல் போனது. அவன் ஒன்றையும் பிழையாக விளங்கவில்லை. கண்ணாடி, நான்காம் நாள், இரண்டு கிலோ, இறுக்கின மூடி, குனிந்த முகம்: நான் சொன்னதை அச்சொட்டாக, சொன்ன வரிசையிலேயே செய்தான். என் சொல்லில் ஒரு குறையும் இருக்கவில்லை என்று தெளிவாக எழுதுங்கள், எழுதியதும் கையெழுத்துப் போடுகிறேன்.