இருபத்துநாலு ஈயச் சிப்பாய்கள்

மணி சாயங்காலம் ஆறு. ராத்திரி இல்ல, நல்லாக் கேட்டுக்கோங்க... சாயங்காலம். பேய்னா பன்னெண்டு மணிக்கு மேலதான் வரும்னு இங்க நாலு பேரு தெம்பா உக்காந்திருக்கீங்க. அந்தத் தெம்ப முதல்ல ஓரமா வைங்க.

நேர் ரோடு. ரெண்டு பக்கமும் உழுது போட்ட நிலம். ஒரு மரம் கிடையாது. ஒரு விளக்குக் கம்பம் கிடையாது. அந்த ரோட்டுல ஒரு பழைய வேன் பறக்குது. ஓட்டுறது என் கூட ஆபீஸ்ல வேலை பாக்குறவன். பக்கத்துல அவனோட தாய்மாமா. "இன்னும் அழுத்துடா மாப்ள, இன்னும் அழுத்து"ன்னு கத்துறாரு. அவரு பொண்ணு அந்த ரோட்டுல எங்கயோ முன்னாடி தனியா இருக்கா. அவகிட்டப் போய்ச் சேரணும்.

ஏன் சேரணும்... அதச் சொல்றேன். போர்வைய இழுக்காதீங்கப்பா, எல்லாருக்கும் வேணும்.

அந்த மாமாவுக்குத் தொழில் பல்லு. டாக்டர் இல்ல. டாக்டர் அளவெடுத்து அனுப்புவாரு, இவரு பின்னாடி ஒரு சின்ன ரூம்ல உக்காந்து பல் செட் செஞ்சு குடுப்பாரு. பிளாஸ்டர்ல அச்சு எடுக்குறது, உலோகத்த உருக்கி ஊத்துறது, அரத்தால ராவுறது... கை அப்படி ஒரு கை. மிச்ச நேரம் பூரா பொம்மைச் சிப்பாய். வீட்டுல அலமாரி அலமாரியா அடுக்கி வெச்சிருந்தாரு. குதிரை மேல ஒருத்தன், தம்பட்டம் அடிக்கிறவன் ஒருத்தன், கொடி பிடிச்சவன் ஒருத்தன். இதே கிறுக்கு பிடிச்ச ஆளுங்க ஊருக்கு நாலு பேரு இருக்காங்க. ஒருத்தருக்கொருத்தர் லெட்டர் போட்டுக்குவாங்க. 'நீங்க அனுப்பின சிப்பாய்க்கு சட்டையில ஆறு பட்டன்தான் இருக்கு, எட்டு இருக்கணும்'னு மூணு பக்கத்துக்குச் சண்டை! நான் சிரிச்சா என் சிநேகிதன் கோச்சுக்குவான். "உனக்கென்னடா தெரியும், பட்டன் தப்புன்னா மாமாவுக்கு சோறு இறங்காது"ம்பான்.

இதுல ஒரு விஷயம். நாலு வருஷம் முன்னாடி மாமாவோட வீட்டம்மா ஆஸ்பத்திரியில கிடந்தாங்க. 'ஒரே நாள்தான், போயிட்டு வந்துடறேன்'னு மாமா வெளியூர்ல ஒரு பொம்மைக் கண்காட்சிக்குப் போனாரு. போன் பைக்குள்ள. பை மேஜைக்கு அடியில. பொண்ணு பதினேழு தடவ கூப்பிட்டிருக்கா... சாயங்காலம் எடுத்துப் பாக்கும்போது எல்லாம் முடிஞ்சு போச்சு. அன்னிக்கு அவ சொன்னது ஒரே வார்த்தை. "உங்க குடும்பம் அலமாரியில இருக்கு, அங்கயே போங்க." அதோட பேச்சு நின்னு போச்சு. நாலு வருஷம்.

மனுஷன் தேஞ்சு போயிட்டாரு. ஆனா அந்தக் கிறுக்கு மட்டும் விடல. அப்பத்தான் இந்தப் பொம்மைக் கிறுக்கு ஆளுங்கள எல்லாம் கூப்பிட்டு ஒரு கூட்டம் போடுற யோசனை வந்தது. எங்க தெரியுமா? பழைய போர்க்களம் ஒண்ணு. ரெண்டு ராஜாங்க அடிச்சுக்கிட்ட இடம், இப்ப வெறும் வயல். ஓரமா ஒரு ஹால் வாடகைக்கு விடுறாங்க. எல்லாரும் நினைச்சாங்க, சரித்திரத்துக்காக அந்த இடத்தப் பிடிச்சிருக்காருன்னு. அதெல்லாம் இல்ல. அது அவரு ஊருக்கும் பொண்ணு ஊருக்கும் நட்ட நடுவுல இருக்கு. அவ்வளவு தூரம்னா வருவாளோன்னு ஒரு நப்பாசை. பொண்ணுக்கு அழைப்பு எழுதுனாரு. எட்டு தடவ கிழிச்சுப் போட்டு ஒன்பதாவது தடவ அனுப்புனாரு. பதில் வந்தது. 'வர்றேன்.' அவ்வளவுதான் இருந்தது அதுல. அத சட்டைப் பையில வெச்சுக்கிட்டே திரிஞ்சாரு.

அதுக்கப்புறம் மனுஷனுக்குத் தலைகால் புரியல. ஹாலுக்கு முன்பணம், மேஜைக்குப் பச்சைத் துணி, நெஞ்சுல குத்திக்கிற பேர்ச் சீட்டு... வர்றதா சொன்னவங்க இருபத்துமூணு பேரு. பொண்ணு ஒருத்தி. வர்ற ஒவ்வொருத்தருக்கும் ஞாபகமா ஒரு சிப்பாய் குடுக்கணும், அதுவும் கடையில வாங்குனதா இருக்கக் கூடாதுன்னு முடிவு பண்ணிட்டாரு.

அங்கதான் தப்பு நடந்தது. கேட்டா தப்புன்னே தோணாது.

மழை பெஞ்சா அந்த நிலத்துல பழைய துப்பாக்கிக் குண்டு மேல வரும். ஈயக் குண்டு. கோலி சைஸ். மாமாவும் என் சிநேகிதனும் மூணு ஞாயித்துக்கெழம ஒரு மெட்டல் டிடெக்டர வெச்சுக்கிட்டு வயல் வயலா நடந்திருக்காங்க. கிடைச்சதுல பாதி தட்டையா நசுங்கிக் கிடந்தது. பாதி உருண்டையா, போட்டது போட்டபடி.

மாமா தட்டையானத துடைச்சு, திரும்ப மண்ணுலயே வெச்சுட்டாரு.

"ஏன் மாமா?"

"நசுங்குனது யாரையோ அடிச்சது மாப்ள. அதுல ஒரு உசுரு போயிருக்கும், நமக்கெதுக்கு அந்தப் பாவம். உருண்டையா இருக்குறது குறி தப்புனது. யார் மேலயும் படல. சுத்தமான ஈயம்."

நல்ல மனுஷன் பேசுற பேச்சுதான். என் சிநேகிதனும் சரின்னுட்டான். உருண்டையா இருபத்துநாலு பொறுக்குனாங்க.

பல் செட் செய்யுற ரூம்லயே உருக்குனாங்க. ஒரு குண்டுக்கு ஒரு சிப்பாய். கலக்கக் கூடாதுன்னு மாமா கண்டிப்பா சொல்லிட்டாரு. ரெண்டு விரக்கடை உசரம், தோள்ல துப்பாக்கி. ஒவ்வொரு தடவ ஊத்தும்போதும் ஒரு சத்தம் வந்துதாம்... விய்ய்ய்ங்... காது ஓரமா ஏதோ பறந்து போற மாதிரி. அச்சுல ஈரம் இருக்கு, ஆவி போகுதுன்னாரு மாமா. வாசனையும் வந்துதாம். ஈய வாசனை இல்ல. கருகுன துப்பாக்கி மருந்து... நனைஞ்ச கம்பளி. ஜன்னலத் தொறந்து வெச்சும் மூணு நாளு போகலையாம்.

சரி... கூட்டம் நடந்த நாள்.

பொண்ணு பதினோரு மணிக்கு வந்தா. வாசல்லயே நின்னா. மாமாவுக்குக் கையும் ஓடல காலும் ஓடல. "சாப்பிட்டியாம்மா?"ன்னாரு. காலையில பதினோரு மணிக்கு! அவ சிரிச்சுட்டா. அந்தச் சிரிப்பு அவ அம்மாவோடதாம். அப்புறம் உள்ள வந்தா. மேஜை மேஜையா சுத்திப் பாத்தா. மத்தியானம் அப்பா பக்கத்துல உக்காந்து சாப்பிட்டா. பட்டன் சண்டையப் பாத்து வாய்விட்டுச் சிரிச்சா. மாமா அன்னிக்கு ஒரு வாய் கூட சரியா சாப்பிடல, அவளையே பாத்துக்கிட்டிருந்தாராம்.

சிப்பாய எல்லாருக்கும் குடுத்தாரு. கடைசியா அவளுக்கு. அவ உள்ளங்கையில வெச்சுப் பாத்தா. "கனமா இருக்குப்பா." அஞ்சு மணிக்குக் கெளம்புனா. அடுத்த ஞாயித்துக்கெழம வீட்டுக்கு வர்றேன்னு சொல்லிட்டுத்தான் கெளம்புனா. மாமா வாசல்ல நின்னு அவ கார் மறையுற வரைக்கும் கையாட்டுனாரு. கைய இறக்க மறந்துட்டாருன்னு என் சிநேகிதன் சொல்வான்.

பத்து நிமிஷம் கூட ஆகல.

ஹாலுக்குப் பின்னாடி வயல் ஓரத்துல, கூட்டத்துக்கு வந்த ஒரு பெரியவரு விழுந்து கிடந்தாரு. ரிட்டயர்டு பஸ் கண்டக்டர், எழுபது வயசு, அன்னிக்கு முழுக்க ஜோக் அடிச்சுக்கிட்டிருந்தவரு. 'போர்க்களத்த ஒரு எட்டு பாத்துட்டு வர்றேன்'னு போனவரு. என் சிநேகிதன்தான் முதல்ல பாத்தான். ஆம்புலன்ஸ் வந்தது. ஹார்ட் அட்டாக்னாங்க. உடம்புல காயம் எதுவும் இல்ல. வயசான ஆளு, வெயில்ல நடந்திருக்காரு, எல்லாரும் நம்பிட்டாங்க.

அவரோட வலது கை மட்டும் இறுக்கி மூடியிருந்தது. மாமாதான் விரல ஒண்ணொண்ணாப் பிரிச்சாரு.

உள்ள சிப்பாய் இல்ல. ஈயம்... தட்டையா, ஓரமெல்லாம் பிதுங்கி. சுத்தியல் வச்சு அடிச்ச மாதிரி. நடுவுல ஒரு புள்ளி நீலம் ஒட்டியிருந்தது. மாமா சட்டைக்கு அடிச்ச பெயிண்ட்.

தட்டைன்னா என்ன அர்த்தம்னு அந்த ஹால்ல இருந்த ஒவ்வொருத்தருக்கும் தெரியும். ஆனா உருண்டைன்னா என்ன அர்த்தம்னு மாமாவுக்கு அப்பத்தான் உறைச்சது. குறி தப்புனது சுத்தமான ஈயம் இல்ல. யாரையோ தேடிக் கெளம்புனது... இன்னும் போய்ச் சேரல. அவ்வளவுதான். மண்ணுக்குள்ள சும்மா கிடந்தத இவரே எடுத்து, துடைச்சு, ஆளுக்கொண்ணா கையில குடுத்திருக்காரு.

மாமா உள்ள ஓடுனாரு. "குடுங்க, எல்லாரும் திருப்பிக் குடுங்க, செஞ்சதுல கோளாறு, விஷ ஈயம்"னு ஏதோ உளறுனாரு. மனுஷன் மூஞ்சியப் பாத்து எல்லாரும் மறுபேச்சு பேசாமக் குடுத்துட்டாங்க. ஒரு மரப்பெட்டியில போட்டு எண்ணுனாரு. இருபத்திரண்டு. திரும்ப எண்ணுனாரு. இருபத்திரண்டு.

மிச்சம் ஒண்ணு பொண்ணுகிட்ட.

போன் போட்டாரு. எடுத்தா.

"கண்ணு, அந்தச் சிப்பாயத் தூக்கிப் போட்டுடு. இப்பவே. கண்ணாடிய இறக்கி வெளிய போடு."

"என்னப்பா?"

"கேக்காத. போட்டுடும்மா."

அவ சொன்னா... "நாலு வருஷத்துல நீங்க எனக்குன்னு குடுத்தது இது ஒண்ணுதான்பா. அதையும் திருப்பிக் கேக்குறீங்களா? உங்க பொம்மையவிட நான் எப்பவும் கீழதானா?"

மாமா அழுதுட்டாரு. அவ போன வெச்சுட்டா. திரும்பப் போட்டா, சுவிட்ச் ஆஃப்.

வேன எடுத்தாங்க. பெட்டிய மடியில வெச்சுக்கிட்டு ஏறுனாரு மாமா. என் சிநேகிதன் சொல்லியிருக்கான், "பெட்டி எதுக்கு மாமா, இங்கயே இருக்கட்டும்."

"இங்க இருபத்திரண்டு பேரு இருக்காங்கடா. வழியில ஆறு வரும், அதுல போட்டுடலாம்."

யோசிச்சுப் பாத்தா சரியாத்தானே இருக்கு? நானா இருந்தாலும் அதத்தான் செஞ்சிருப்பேன்.

இப்பத்தான் நாம அந்த ரோட்டுக்கு வர்றோம். ஆறு மணி. உழுத நிலம். லேசா பனி இறங்குது. ஆறு இன்னும் வரல. அதுக்கு முன்னாடி ரோட்டோரமா ரெண்டு சின்ன விளக்கு விட்டு விட்டு எரியுது. அவ கார். அவ வெளிய நிக்குறா. உசுரோட... முழுசா... கைய கட்டிக்கிட்டு நிக்குறா. மாமா தொண்டையில இருந்து ஒரு சத்தம் வந்துதாம், அது மாதிரி ஒரு சத்தத்த அவன் கேட்டதே இல்லையாம்.

வேன் நிக்குறதுக்குள்ள மாமா குதிச்சுட்டாரு. பெட்டி சீட்டுல. கதவ சாத்தக் கூட இல்ல.

"தூக்கிப் போட்டுட்டேன்பா"ன்னா அவ. "அந்தா... வயல்ல. நீங்க போன்ல அழுதீங்க. அம்மா போனப்ப கூட நீங்க அழுது நான் பாக்கல."

மாமா ஓடிப் போயி கட்டிப் பிடிச்சாரு. அவளும் கட்டிக்கிட்டா. மாமா முதுகு வேன் பக்கம். அவ முகம் அவரு தோள் மேல. ரெண்டு பேரும் அழுறாங்க. என் சிநேகிதன் ஸ்டியரிங் மேல தலைய வெச்சு 'அப்பாடா'ன்னு மூச்சு விட்டான்.

அப்பத்தான்...

விய்ய்ய்ங்.

அவன் காது ஓரமா. சீட்டுப் பக்கத்துல இருந்து. ஒண்ணு இல்ல. மொத்தமா. தகரத்து மேல ஆலங்கட்டி விழுற மாதிரி ஒரே ஒரு நொடி. அப்புறம் சுத்தமா அமைதி. வேன் முழுக்கக் கருகுன மருந்து வாசனை... நனைஞ்ச கம்பளி. பெட்டி மூடுனது மூடுனபடி இருந்தது. கொக்கி கூட கழலல.

அவன் வெளிய பாத்தான். ரெண்டு பேரும் அப்படியே நின்னாங்க. மாமா அவ முதுகத் தட்டிக் குடுத்துக்கிட்டிருந்தாரு. அவ கை ரெண்டும் கீழ தொங்குச்சு. கால் விரல் தரையில இழுபட்டுக்கிட்டு இருந்தது.

"மாமா... மாமா, போலாம் வாங்க."

"இருடா மாப்ள." மாமா திரும்பக் கூட இல்ல. குரல்ல அவ்வளவு சந்தோஷம். "கொஞ்ச நேரம் இரு. நாலு வருஷம் கழிச்சு கட்டிப் பிடிச்சிருக்கா."

அவரு எவ்வளவு நேரம் அப்படியே நின்னாருன்னு அவன் என்கிட்ட சொல்லவே இல்ல. நானும் கேக்கல.

டாக்டர் அதே ஹார்ட் அட்டாக்னு எழுதிக் குடுத்துட்டாரு. முப்பத்தியொரு வயசுப் பொண்ணு. பெட்டியத் தொறந்து பாத்தாங்க. இருபத்திரண்டும் தட்டை. வயல்ல அவ தூக்கிப் போட்ட ஒண்ணு மட்டும் கிடைக்கல. அது இன்னும் அங்கதான் எங்கயோ கிடக்கு.

மாமா உசுரோடத்தான் இருக்காரு. அவரப் போயி எதுவும் தொடல. ஆஸ்பத்திரியில அவரு சட்டைய மடிச்சு இவன் கையில குடுத்தாங்க. வெள்ளைச் சட்டை. வீட்டுக்கு வந்து விரிச்சுப் பாத்தான். முதுகுப் பக்கம் சின்னச் சின்னதா ஓட்டை, ஓரம் கருகியிருந்தது. எண்ணுனான். இருபத்திரண்டு. நெஞ்சுப் பக்கம் இருபத்திரண்டு.

ஒளிச்சு வெச்சான். மாமா கண்டுபிடிச்சுட்டாரு. இப்ப தினமும் சாயங்காலம் அதப் போட்டுக்கிட்டு கண்ணாடி முன்னாடி நிக்குறாராம். ஒவ்வொரு ஓட்டையிலயும் விரல விட்டுத் தேடுறாராம்... எங்கயாவது ஒண்ணாவது தன் உடம்புல நுழைஞ்சிருக்கான்னு. இருபத்திரண்டு ஓட்டையிலயும் விரல் தோல்ல முட்டி நின்னுடுதாம்.