படித்தால் தடம் விழாது

காலையில் ஆறரைக்கு எழுவேன். பால் காய்ச்சி இரண்டு காபி கலப்பேன். எட்டு மணிக்கு என் மனைவி வேலைக்குக் கிளம்புவாள். அவள் தம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, கணினியைத் திறந்து, போய்ச் சேர்ந்துவிட்டாளா என்று பார்ப்பேன்.

அவளுக்குத் தடுப்பூசிக் கிடங்கில் வேலை. அங்கே எந்தக் கதவை யார் திறந்தார்கள், உள்ளே யார் இருக்கிறார்கள் என்பதெல்லாம் பிளாக்செயின் என்ற கணினிப் பேரேட்டில், ஸ்மார்ட் கான்ட்ராக்ட் என்ற தானே இயங்கும் ஒப்பந்த நிரலில் பதிவாகும். அதைப் படித்துத் திரையில் காட்டும் நிரலை எழுதியவன் நான். கதவைத் திறக்க அவரவர் கணினிச் சாவியிலிருந்து ஒரு பரிவர்த்தனை, அதாவது உத்தரவு, அனுப்ப வேண்டும். அது அழியாமல் நிற்கும். சும்மா படிக்க எதுவும் அனுப்ப வேண்டாம். செலவில்லை, தடமும் விழாது. அதனால் அதை வேவு என்று நான் நினைத்ததில்லை.

வியாழக்கிழமைதோறும் உறைபதன அறைக்குள் இரண்டு பேர் ஒன்றாகப் போனார்கள். அவளும் மேற்பார்வையாளரும். ஐந்து மாதம் பார்த்தேன். ஒரு வாரமும் தவறவில்லை. ஒருமுறை கேட்டேன்.

“வியாழக்கிழமைன்னா வேலை ஜாஸ்தியோ?”

“ஆமா, சாரோட சேர்ந்து விறைச்சதுதான் மிச்சம்” என்று சிரித்தாள்.

மறைக்கக்கூட அவளுக்குத் தோன்றவில்லை. அதுதான் வலித்தது.

கடைசி வியாழன், பதினொன்றேகாலுக்குப் போன் வந்தது.

“என்னங்க, குளிர் ரூமுக்குள்ள மாட்டிக்கிட்டேன். நானும் வெளிய வந்துட்டேன்னு நெனச்சு சார் வண்டியில கிளம்பிட்டாரு, போனும் எடுக்கல. உள்பக்கக் கைப்பிடி உடைஞ்சு கிடக்கு. கோட்டுகூடப் போடல. அவர் இல்லாம இந்தக் கதவு திறக்காது. நீங்க திறந்துவிடுங்க.”

நிர்வாகச் சாவி என்னிடம் இருந்தது. ஒரே ஒரு பரிவர்த்தனை அனுப்பினால் எந்தக் கதவும் திறக்கும். ஆனால் அவர் இல்லாமல் திறக்காது என்றாளே, அந்தச் சொல்தான் எனக்குள் நின்றது.

“அனுப்பிட்டேன். நெட்வொர்க் மெதுவா இருக்கு. வேற யாரையும் கூப்பிடாத, குழப்பிடுவாங்க” என்றேன்.

கூப்பிடவில்லை. நான் சொன்னால் கேட்பாள்.

நான் எதுவும் அனுப்பவில்லை. படித்தேன். உள்ளே ஒருவர். ஐந்து நிமிடம் கழித்துப் படித்தேன். உள்ளே ஒருவர். மூன்று மணிவரை அப்படித்தான்.

இரண்டு பேருடைய சாவி சேர்ந்தால்தான் அந்த அறை திறக்கும் என்பது விதி. அதே கான்ட்ராக்டில்தான் எழுதியிருக்கிறது. நான் பதிவுகளை மட்டுமே படித்துவந்தேன். விதியைப் படித்தது அடக்கம் முடிந்த எட்டாம் நாள். அப்போதும் ஏமாற்றப்பட்டவன் நான்தான் என்று பட்டது. ஒரு வார்த்தை அவள் சொல்லியிருக்கலாம்.

அவள் இரண்டு முறை போன் செய்ததை வழக்கமான பேச்சு என்று போலீஸ் விசாரணையில் உங்களிடம் சொன்னேன், நம்பினீர்கள். என் சாவியிலிருந்து ஒரு பரிவர்த்தனைகூட இல்லை, ஆகவே எனக்குச் சம்பந்தமில்லை என்று அறிக்கையில் எழுதியிருக்கிறீர்கள். சரியாகத்தான் தேடியிருக்கிறீர்கள். அனுப்பாமல் விட்டதுதான் நான் செய்த கொலை.

“கடைசியா எம்பொண்ணு என்ன சொன்னா, மாப்பிள்ள?” என்று மாமியார் கேட்டார்.

“சாப்பிட்டீங்களான்னு கேட்டா, அத்தை” என்றேன். அதையே சொல்லிச் சொல்லி அழுகிறார்.

அவள் அப்படிக் கேட்கவில்லை. இரண்டாவது போனில் நாக்கு குழறியது. கேட்டது இதுதான்.

“கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்க, நான் இன்னும் உள்ளதான் இருக்கேனா?”