கண் திறந்த படம்

வில்லியனூரிலிருந்து மதகடிப்பட்டுக்குச் செல்லும் பேருந்தில், என் முன்னிருக்கையில் அமர்ந்திருந்த இரு நண்பர்கள், அவர்களுள் ஒருவர் முதன்முதலாக வாங்கவிருந்த முக்காலியில் நிறுத்திப் புகைப்படம் எடுக்கும் பெரிய ஃபிலிம் கேமராவைப் பற்றி உரையாடிக்கொண்டிருந்தனர்.

“மரத்துல செஞ்சத வாங்குடா. மடக்கித் தோள்ல மாட்டிக்கலாம். மெட்டல்ல வர்றதத் தூக்கவே ஆளு வைக்கணும்.”

“தூக்க வேணாம்பா. அப்பா கட்டிலுக்கு எதிர்லயே நிக்கட்டும்.”

“ஆளு அசையாம இருந்தாதான படம் வரும்? உங்கப்பாவுக்குத் தலையே நடுங்குது. இன்னா பண்ணுவ?”

“எப்பனா ஒரு நொடி நிக்கும். அதுக்குக் காத்திருப்பேன்.”

“தூங்கறப்ப நடுக்கம் இருக்காதில்ல? அப்ப எடுத்துடேன்.”

வாங்கவிருந்தவர் சன்னற்புறம் திரும்பிக்கொண்டார். திருபுவனை ஆலைகளைப் பார்த்தபடியே விடையிறுத்தார்.

“நான் அவரு கண்ணு தொறந்ததத்தான்டா எடுக்கணும். கண்ணு மூடினத, சாவு அன்னிக்கு ஸ்டுடியோக்காரன் வந்து எடுத்துக்குவான்.”