மாமனார் ருசி பார்த்த பீர்

ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் போகும் பேருந்தில், என் முன்சீட்டில் இரண்டு நண்பர்கள். ஜன்னலோரம் இருந்தவர் கொதித்துக்கொண்டிருந்தார்.

“எங்க மாமனாரு பீர்ல தண்ணிய ஊத்திட்டாவலே.”

“எதுக்கு?”

“மிலிட்டரியில இருந்தவியல்லா. செவப்பா இருந்தாலே அவியளுக்கு ரம்முதான். கால் கிளாஸ் பீரு, முக்கா கிளாஸ் தண்ணி.”

“நீ தடுக்க வேண்டியதுதான?”

“தடுத்தேன். ‘எனக்கே குடிக்கச் சொல்லித் தாரியளா மாப்ள’ன்னுட்டாவ. மொதல்ல நார்த்தங்காத் தோலு வாசம் வரணும், பொறவு கருப்பட்டி மாதிரி ஒரு ருசி, கடைசியில பீர்ல போடுத ஹாப்ஸ் பூவோட கசப்பு. அத வரவைக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். ஒரு மடக்கு குடிச்சிட்டு, ‘எவனோ தண்ணி கலந்து வித்திருக்கான்’னு துப்புதாவ.”

சத்திரப்பட்டி விலக்கில் ஏறியவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவர் குரலைத் தணிக்கவில்லை.

“நீ காய்ச்சுனதுன்னு சொல்லலியா?”

“பெங்களூருல நான் ஓட்டல் மேனேஜருன்னுல்லா நெனச்சிருக்காவ. நல்லாருக்குன்னு ஒரு வார்த்த சொன்னா, பீர் காய்ச்சுதுதான் என் வேலன்னு சொல்லிரலாம்னு இருந்தேன்.”

“இப்பத்தான் சொல்லேன்.”

“எப்படிலே சொல்ல? ‘இதக் காய்ச்சுனவனுக்கு எவன் பொண்ணு கொடுத்தானோ’ன்னு என்கிட்டயே கேக்காவ.”