நண்டுக் கறி போட்ட தாய்

வவுணதீவிலிருந்து மட்டக்களப்புக்கு வரும் பஸ்ஸில் எனக்கு முன் இருக்கையில் இரண்டு ஆசிரியைகள் இருந்தார்கள். பதினோராம் வகுப்புப் பிள்ளைகளின் சாதாரண தரப் பரீட்சை நடக்கும் நாட்கள். மூத்தவர் வேறொரு பாடசாலையில் மண்டபக் கண்காணிப்பு முடித்துத் திரும்புகிறார். எங்கள் வீட்டில் அந்தப் பரீட்சையை முதலில் எழுதியவள் நான். காது தானாக அங்கே போனது.

“நாளையில இருந்து நான் சோத்துப் பார்சல் கட்டிக்கொண்டுதான் போவன்,” என்றார் மூத்தவர்.

“ஏன் டீச்சர்? மண்டபத்து டீச்சர்மாருக்குப் பிள்ளையளிட தாய்மார் ஆக்கித் தாற நண்டுக் கறி செமிக்கல்லையா?” இளையவர் சிரித்தார்.

“நல்ல வாவி நண்டு. ரெண்டாந்தரமும் வாங்கிச் சாப்பிட்டன். மறுகா பின்னேரச் சோதினை தொடங்க, ஒரு பிள்ளை மடியில துண்டுக் கடதாசி வச்சுப் பார்த்து எழுதுறாள். கிட்டப் போனன். எனக்குக் கறி போட்ட மனிசிட மகள். கறி போடக்குள்ளேயே தன்ட மகள் எண்டு அவளைக் காட்டினவ.”

“பிடிச்சீங்களா?”

“இல்ல. யன்னலைப் பார்த்துக்கொண்டு நிண்டன்.”

இளையவர் குரலைத் தாழ்த்தினார். “ஒருத்தரும் காணல்லதானே?”

“பின்னுக்கு இருந்த பிள்ளை கண்டவள். எழுதாம என்னையே பார்த்துக்கொண்டு இருந்தாள்.”

பஸ் பாலத்தில் ஏறியது.

“அவள் ஆர்ட பிள்ளை?”

“தெரியாது புள்ள. அவள்ட அம்மா கறி கொண்டு வரல்ல.”